நானூறு கிராம்

“எங்கள் வளாகத்தைவிட்டு ஒரு சொட்டுத் தண்ணீரும் வெளியே போகாது” என்று அந்தத் திருப்பூர்ச் சாயப்பட்டறையின் வாசலில் பெரிய பலகை இருந்தது. அதற்காக மூன்று விருதுகள் வேறு. வேலையாட்களின் வயிற்றோடு வெளியே போகும் தண்ணீரும் அந்தக் கணக்கில் சேர்த்திதான். காலையில் உள்ளே வரும்போது என்ன எடையோ, அதற்கு மேல் கூடினால் சாயங்காலம் கதவு திறக்காது. அதனால் மூன்று மணிக்குப் பிறகு அங்கே யாரும் தண்ணீரைத் தொடுவதில்லை.

மரகதத்தின் அம்மா இறந்துபோன சேதி நாலு மணிக்கு வந்தது. மயங்கி விழுந்தவளுக்கு, மனசு கேட்காமல் யாரோ இரண்டு டம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டார்கள். தப்பு அங்கேதான் நடந்தது.

வாசல் எடைமேடையில் சிவப்பு விளக்கு எரிந்தது.

“நானூறு கிராம் கூட இருக்குதுங்கக்கா,” என்றார் காவலாளி குப்புசாமி. “பாத்ரூம் போயிட்டு வந்துருங்க.”

“ரெண்டு தடவ போயிட்டேனுங்க. வர மாட்டேங்குது. ஆறு மணிக்கு எடுத்துருவாங்க, மொகத்தையாவது பாக்கணும்,” என்றவள் மேடையில் நின்றபடியே உடைந்து அழுதாள்.

மேனேஜர் பதறிக்கொண்டு ஓடி வந்தார்.

“அய்யய்யோ, கீழ விடாதீங்கம்மா!” என்று அவள் தாடைக்கு அடியில் ஒரு டம்ளரைப் பிடித்தார்.

குப்புசாமி எடையைப் பார்த்தார். முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு.

“கொறையுதுங்க சார்!”

மேனேஜரின் முகம் மலர்ந்தது.

“அப்படித்தாம்மா. அம்மாவ இன்னும் நல்லா நெனச்சுக்கங்க.”