நாலாவது மாடியில் ஒரு கவளம்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. என் இரண்டு கண்கள் மேல் ஆணை. வலது கண்ணில் புரை எடுத்துப் புதிதாக லென்ஸ் வைத்திருக்கிறார்கள். அதனால் அதன் மேல் மட்டும் இரண்டு முறை ஆணை.

மச்சானை ஸ்ட்ரெச்சரில் வைத்து உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கதவில் கையகலத்துக்கு ஒரு கண்ணாடி. அதில் மூக்கை ஒட்டவைத்துக்கொண்டு நின்றேன்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். முப்பத்தொரு வருஷம் அவனும் நானும் ஒரே கம்பெனியில் லிஃப்ட் மெக்கானிக்குகள். அவன் கல்யாணம் என்று ஒன்று செய்துகொள்ளாததால் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். பெரிய மீன் துண்டு யார் தட்டில் விழுகிறது என்று பார்த்தால் போதும், என் மனைவிக்கு முதலில் அண்ணன், அப்புறம்தான் நான் என்பது தெரிந்துவிடும்.

அப்படிப்பட்டவனுக்கு மூன்று வருஷமாகச் சோறு இறங்கவில்லை.

மெல்லுவான், விழுங்குவான். உணவுக்குழாயின் அடியில், இரைப்பையின் வாசலில், ஒரு தசை இருக்கிறதாம். அது இறுகிப்போய்த் திறக்க மாட்டேன் என்றுவிட்டது. தின்றதெல்லாம் நடுவழியில் நின்றது.

"மாப்ள, நாலாவது மாடில நின்னுடுச்சு" என்று நெஞ்சில் விரல் வைத்துக் காட்டுவான்.

எழுந்து நின்று குதிப்பான். ஒரு செம்புத் தண்ணீரை மேலே ஊற்றுவான். அப்படியும் இறங்காதது, படுத்ததும் தலையணைக்கு வந்துவிடும்.

அவன் குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர் மூன்று முறை கூரைக்குப் பூச்சு வேலை பார்த்தார். திங்கட்கிழமை தின்ற பட்டாணி ஒன்று வியாழக்கிழமை முளைவிட்டு வெளியே வந்தது. தொட்டியில் நட்டுவைத்தேன். காய்த்தது.

எழுபத்தெட்டுக் கிலோ ஆள் நாற்பத்தொன்றுக்கு வந்தான். பெல்ட்டில் ஆணி அடித்து ஓட்டை போட்டுப் போட்டு, கடைசியில் தோலைவிட ஓட்டைதான் அதிகம்.

இதயம் பலவீனம், கத்தி வைக்க முடியாது என்றார் டாக்டர். ஊசி போட்டுப் பார்க்கலாம் என்றார். கெட்டுப்போன உணவில் கிருமி உண்டாக்கும் விஷம்தானாம் அது. துளியிலும் துளி எடுத்து அந்தத் தசையில் ஏற்றினால் தளர்ந்து கொடுக்குமாம். ஆறு மாதம் தாங்கும். அதற்கும் மசியவில்லை என்றால் வயிற்றில் ஓட்டை போட்டுக் குழாய் வழியாக ஊற்றுவதுதான் மிச்சம்.

ஊசிக்குத் தலையாட்டினான். குழாய்க்கு ஆட்டவில்லை.

என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான்: "எத்தனை நாள் இருந்தாலும் வாயால தின்னுட்டு இருக்கறேன் மாப்ள. குழாய் வேணாம்."

ஆகவே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடந்தது சின்ன விஷயம் இல்லை.

என் மனைவி அவனுடைய பல்செட்டைக் கைக்குட்டையில் முடிந்து மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து வந்து பார்க்கத் தைரியம் இல்லை. நிமிஷத்துக்கு ஒரு தரம் உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

சொன்னேன்.

கேமரா வைத்த கறுப்புக் குழாய் அவன் வாய் வழியாக இறங்குவதைச் சொன்னேன். ஏழு வருஷத்துக்கு முன்னால் காணாமல்போன என் ஸ்க்ரூ டிரைவர் மூன்றாவது மாடி வளைவில் மாட்டியிருந்ததைச் சொன்னேன். அவன்தான் எடுத்தான் என்று எனக்கு அப்போதே சந்தேகம்.

"உங்க வாயிலயும் ஒரு ஊசி போடச் சொல்லணும்" என்றாள்.

டாக்டர் முதல் குத்துக் குத்தினார், தசை முறைத்தது. இரண்டாவதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மூன்றாவதற்குக் கொட்டாவி விட்டது. நான்காவது குத்தில் நம் கம்பெனி லிஃப்ட் மாதிரியே டிங் என்று மணியடித்துத் திறந்துகொண்டது. மணிச் சத்தம் எனக்கே கேட்டது.

மச்சான் எழுந்து உட்கார்ந்தான். குழாயைத் தானே உருவி டாக்டர் கையில் கொடுத்தான். தின்ன என்ன இருக்கிறது என்று கேட்டான்.

நர்ஸின் சாப்பாட்டு டப்பா போயிற்று. டாக்டர் மதியத்துக்கு வைத்திருந்த இரண்டு ஆப்பிள் போயிற்று. அடுத்த அறையிலிருந்து பதினோரு ரொட்டியும் நாற்பது முட்டையும் வந்தன, அவையும் போயின. ஊசி ஆறு மாதம்தான் தாங்கும் என்பதால் ஆறு மாதத்துக்கும் சேர்த்துத் தின்கிறான் என்று விளக்கினேன். கட்டிலின் சக்கரம் ஒன்று வளைந்தது. வீட்டுக்குப் போகச் சரக்கு லிஃப்ட்தான் சரிப்படும், மச்சானோடு நம் இருவரையும் ஏற்றினால் கம்பி தாங்காது என்றேன்.

என் மனைவி சிரித்துவிட்டாள். சத்தம் வெளியே வராமல் இருக்க, பல்செட்டு முடிந்திருந்த கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். மூன்று வருஷத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஊசிக்கு முந்தின இரண்டு நாளைக்குத் தண்ணீர் தவிர எதுவும் கொடுக்கக் கூடாது என்று சீட்டில் எழுதித் தந்திருந்தார்கள். அன்று காலை அவள் குளிக்கப் போயிருந்த நேரத்தில், அவன் கேட்டான் என்பதற்காக அரை பன்னைப் பாலில் நனைத்து ஊட்டினேன். மயக்க மருந்து ஏறியதும் அது மேலே வந்து மூச்சுக்குழாயில் இறங்கி மூச்சை நிறுத்திவிட்டது, அந்த ஊசியை அவனுக்குப் போடவே இல்லை.