மழைக்குச் சொந்தக்காரர்

"அந்த மழை என்னுது. மொதல்ல அதைக் கழட்டுங்க!"

உணவகத்துக்குள் நுழைந்ததுமே அர்ச்சுனன் கத்தினார். நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தவர்கள் கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்கள். ஒழுகவில்லை என்று தெரிந்ததும் மறுபடி குடிக்க ஆரம்பித்தார்கள்.

அர்ச்சுனன் சாதாரண ஆள் இல்லை. தென்முனைத் தமிழ் ஓவியர் கழகத்தின் தலைவர். காலமெல்லாம் மழையை மட்டுமே வரைந்தவர். 'மழை அர்ச்சுனன்' என்றால் ஊருக்கே தெரியும். தெரியாதவர்களுக்கு அவரே சொல்லித் தெரியவைத்துவிடுவார்.

அப்பேர்ப்பட்டவர் ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கிக்குக் கார் ஓட்டிக்கொண்டு வந்ததற்குக் காரணம் அந்தச் சுவர்தான். வெள்ளத்தில் முங்கிய கடைத்தெரு, இடுப்பளவு தண்ணீரில் அரிசி மூட்டையைத் தலையில் சுமந்து போகிற ஆட்கள், எல்லார் மேலும் விடாமல் கொட்டுகிற மழை என்று ஓர் ஓவியத்தைப் பெரிதாக அச்சடித்துச் சுவர் முழுக்க ஒட்டியிருந்தார்கள். கீழே ஒரு பலகை: 'வரைந்தது: ஏ.ஐ.' அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளவே சிங்கப்பூரிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள்.

கடைக்காரர் மீரா சாகிபு ஓடி வந்தார். "உக்காருங்கண்ணே. தே ஓ சொல்லவா?"

"தே ஓ வேணாம் பாய். நியாயம் வேணும்." அர்ச்சுனன் திரும்பினார். "மதிவாணா, லைவ் போட்டாச்சா?"

கழகச் செயலாளர் மதிவாணன் கைப்பேசியை உயர்த்திப் பிடித்தார். "ஓடிக்கிட்டு இருக்கு, தலைவரே. சட்டைக் காலரை மட்டும் சரி பண்ணிக்குங்க."

சரி பண்ணிக்கொண்டார். "கலை நெஞ்சங்களே! இது ஒரு பொணம். மிஷின் துப்பின எச்சில். இதுல உயிர் இல்லை, உணர்ச்சி இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அத்தனையும் என் படத்துலேருந்து திருடினது!"

"உயிரே இல்லைங்கறீங்க. அப்புறம் அது எப்படிண்ணே உங்க படம் மாதிரி இருக்கும்?" என்றார் மீரா சாகிபு, நிஜமாகவே குழம்பிப்போய்.

மதிவாணன் இருமினார். அர்ச்சுனன் கேட்காததுபோல் சுவரை நெருங்கினார்.

"இந்தத் தூறலைப் பாருங்க. நேரா விழாம, கடைசியில கொஞ்சம் மடங்குது பாத்தீங்களா? இப்படி மடக்க இந்த நாட்டுல ஒரே கைதான் இருக்கு. இது என் கை. அச்சு அசலா என் கை!"

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க, ஐயா."

கல்லாவிலிருந்து வந்தது குரல். மீரா சாகிபின் மனைவி பரக்கத் நிஷா. சில்லறை கொடுத்துக்கொண்டே கேட்டாள்.

"என்னம்மா பாக்கறது? என் கையை எனக்குத் தெரியாதா? இதை என் கண்காட்சியில மாட்டியிருந்தா நானே ஏமாந்து கையெழுத்துப் போட்டிருப்பேன்!"

"அவ்வளவு நல்லா இருக்கா?"

"திருட்டு நல்லாத்தாம்மா இருக்கும். அதானே ஆபத்து."

அவள் கல்லாவைப் பூட்டிவிட்டு அருகே வந்தாள். "நீங்களும் யாரையாவது பாத்துத்தானே வரையக் கத்துக்கிட்டீங்க?"

"அது வேற! மனுஷன் மனுஷனைப் பாத்துக் கத்துக்கிட்டா அது பயிற்சி. மிஷின் பாத்தா கொள்ளை. அந்த மிஷின் என்னைக்காவது வெள்ளத்துல நின்னு, நாளைக்குக் கடை இருக்குமா இருக்காதான்னு பயந்திருக்குமா?"

"இருக்காதுங்கய்யா," என்றாள் அவள் மெல்ல. "அப்போ, ஒரு மனுஷி உங்க படங்களைப் பாத்துப் பாத்துப் பழகி இப்படி வரைஞ்சிருந்தா?"

அர்ச்சுனன் கேமராவைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தார். "வாசல்ல நின்னு மாலை போட்டு வரவேற்பேம்மா! எங்க கழகம் எதுக்கு இருக்கு? மனுஷக் கைய மதிக்கத்தான். ஆனா அப்படி ஒரு கை இன்னும் பொறக்கலையே!"

திரையில் இதயங்கள் பறந்தன. மதிவாணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கழட்டுறீங்களா, இல்ல வக்கீலோட வரவா?"

மீரா சாகிபு மனைவியைப் பார்த்தார். "சொல்லிரும்மா. போதும்."

அவள் மாடிக்குப் போனாள். திரும்பி வரும்போது கையில் சட்டம் போட்ட ஒரு சின்னக் கித்தான். மேசைத் தட்டுகளை ஒதுக்கிவிட்டு அதை வைத்தாள். அதே தெரு, அதே மூட்டைகள், அதே மழை. ஆனால் இது அச்சு இல்லை. எண்ணெய்ச் சாயம் அங்கங்கே திட்டுத் திட்டாகப் புடைத்திருந்தது.

"மேல் மாடி ஜன்னல்ல நின்னு வரைஞ்சேன். கீழ எங்க சாமான் எல்லாம் மிதந்துட்டுப் போச்சு. ஜன்னல்லேருந்து பாக்குறதைத் தவிர வேற வேலை இல்லை."

அர்ச்சுனன் தொட்டுப் பார்த்தார். விரலைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். "நீ... நீங்களா? அப்ப எதுக்கும்மா அந்தப் பலகை?"

"நான் வரைஞ்சதுன்னு எழுதி வச்சப்ப ஒருத்தரும் நிமிர்ந்து பாக்கலைங்கய்யா. மிஷின்னு மாத்தி எழுதினேன். அலமாக், அன்னைக்கே வரிசை கட்டிட்டாங்க. பொய்தான். கழட்டிடறேன்."

அர்ச்சுனன் நொடியில் சமாளித்துக்கொண்டார். கேமரா பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார். "கலை நெஞ்சங்களே, கண்டுபிடிச்சேன் பாத்தீங்களா ஒரு மாணிக்கத்தை! ஏம்மா, இப்படி ஒரு கையை வச்சுக்கிட்டு இத்தனை நாள் எங்ககிட்ட வராம எங்க ஒளிஞ்சிருந்தீங்க?"

"வந்தேனே. போன வருஷக் கண்காட்சிக்கு இதே படத்தைத்தான் கொண்டாந்தேன்," என்றாள் பரக்கத் நிஷா, கைப்பேசிக்கும் நன்றாகக் கேட்கும்படி. "'மழை வரையத் தெரியாத கை'ன்னு சொல்லி நீங்கதான் திருப்பிக் கொடுத்தீங்க."