கடைசி பெஞ்சில் பத்து நிமிடம்

தலைமையாசிரியர் ஏழாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்ததும், அறிவியல் டீச்சரின் கையிலிருந்த சாக்பீஸ் இரண்டாக உடைந்தது.

உடையாமல் என்ன செய்யும்? இந்தப் பத்து நிமிடத்தில்தான் அவளுடைய வேலையே இருக்கிறது.

டீச்சர் பேசுவது மூன்றாவது வரிசைக்கு மேல் கேட்பதில்லை என்று பெற்றோர் நாலைந்து பேர் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவளோ தற்காலிகம். நிர்வாகம் பொறுப்பை நைசாகத் தலைமையாசிரியர் தலையில் கட்டிவிட்டது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள், இருக்கட்டுமா போகட்டுமா என்று சாயங்காலத்துக்குள் எழுதிக் கொடுங்கள்.

அவர் தினமும் இரண்டு வகுப்புக்குப் போகிறவர். பத்தே நிமிடம். எழுந்து போகும்போது மேஜைமேல் ஒரு துண்டுச் சீட்டு வைப்பார். அதில் ஒரே ஒரு வரி. 'பலகைப் பக்கம் நீங்கள் திரும்பியதும் ஜன்னலோரப் பெண் பேனாவை மூடிவிட்டாள்.'

உபதேசம் கிடையாது. அந்த ஒரு வரிக்காக மறுநாள் பாடத்தையே மாற்றிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. பாடத்தை விட்டுவிட்டுப் பிள்ளைகள் முகத்தில் படம் பார்க்க வருகிறார் மனுஷன் என்று ஆசிரியர் அறையில் கேலியும் உண்டு.

இன்றும் படம் ஓடத் தொடங்கியது.

மத்தியான வெயில் ஜன்னல் வழியே சாய்ந்து விழுந்தது. அதில் சாக்பீஸ் தூள் அவசரமே இல்லாமல் மிதந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அறை மொத்தமும் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் இருந்தது அவருக்கு.

டீச்சர் இதயம் வரையப் பலகைப் பக்கம் திரும்பினாள். அவர் பார்வையைப் பக்கத்து முகங்களுக்கு மாற்றிக்கொண்டார்.

கடைசி பெஞ்சில் ஒரு ரப்பருக்காக இழுபறி நடந்துகொண்டிருந்தது. போச்சு, என்று நினைத்தார். இந்தப் பெண்ணை வீட்டுக்கு அனுப்ப அவருக்கு மனசே இல்லை. ஆனால் இல்லாததை இருக்கிறது என்று எழுதவும் அவருக்குக் கை வராது.

திடீரென்று ரப்பர் கேட்பாரற்றுக் கீழே விழுந்தது.

முன்வரிசை, பின்வரிசை என்றில்லாமல் முப்பத்தெட்டுப் பேரும் ஒரே சமயத்தில் மணிக்கட்டில் விரலை வைத்தார்கள். கண்ணை மூடிக்கொண்டார்கள். முப்பத்தெட்டு வாய்கள் மெல்ல எண்ணின. டீச்சர் இன்னும் பலகைப் பக்கம்தான் திரும்பியிருந்தாள்.

அவருக்குப் பக்கத்தில் இருந்த வாண்டு ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். இந்த ஆள் சும்மா உட்கார்ந்திருக்கிறாரே என்று நினைத்திருப்பாள் போல. அவர் கையை இழுத்து நாடியைத் தேடி, அவர் விரலையே அதன்மேல் வைத்து அழுத்தினாள்.

அது குதித்துக்கொண்டிருந்தது.

கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சீட்டை எடுத்தார். 'குரல் கடைசி பெஞ்சு வரை வருகிறது, இவரே இருக்கட்டும்' என்று எழுதி மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

தாழ்வாரத்தில் பாதி தூரம் போயிருப்பார். டீச்சர் ஓடிவந்து வழியை மறித்துக்கொண்டு நின்றாள். மூச்சு வாங்கியது. சீட்டு அவள் கையில் கசங்கியிருந்தது. கண் நிறைந்திருந்தது.

"பாவம்னு எழுதிக் குடுத்தீங்களா சார்? வாசல்லேர்ந்து நாலு தடவ கூப்பிட்டேன், நீங்க திரும்பவே இல்ல. என் குரல் உங்களுக்கே கேக்கலியே!"

அவள் உதடுகள் ஓயும்வரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ யோசனையில் இருந்தேன் என்று சொல்லி நழுவிவிடலாம். சொன்னால் நம்பவா போகிறாள்? இரக்கத்தில் கிடைத்த வேலை என்றே காலம் முழுக்க நினைத்துக்கொண்டிருப்பாள்.

தாழ்வாரத்தின் இரண்டு பக்கமும் பார்த்தார். யாரும் இல்லை.

"எனக்கு ஒரு வருஷமா காதே கேக்காதும்மா," என்றார். "பசங்களுக்குக் கேட்டுச்சு. அத நான் பார்த்தேன்."