ஜெபக்கனி டீச்சரின் உதரவிதானம்

சிரித்தால் மாணவிகள் தலைமேல் ஏறிவிடுவார்கள் என்று பயந்து, நர்சிங் கல்லூரி ஆசிரியை ஜெபக்கனி இருபது வருஷமாக வகுப்பில் சிரித்ததே இல்லை. அன்று உடற்கூறியல் பாடத்துக்காகக் கல்லூரி கொடுத்த புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். போட்டிருப்பவரின் உள்ளுறுப்புகளை அப்படியே வெளியே காட்டும் சட்டை அது.

"நுரையீரலுக்குக் கீழ குடை மாதிரி அசையுதே, அது பேரென்ன? பர்வீன், நீ சொல்லு."

படிக்காமல் வந்திருந்த பர்வீன் உற்றுப் பார்த்தாள்.

"பேரு தெரியல டீச்சர். ஆனா அதுக்குக் கீழ நாலு இட்லி கெடக்கு. ஹாஸ்டல்ல எங்களுக்கு ரெண்டுதான தாராங்க?"

ஜெபக்கனி முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, "வெளியே போ" என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சட்டையில் அந்தக் குடை துள்ளத் தொடங்கிவிட்டது. பல்லைக் கடிக்கக் கடிக்க அது இன்னும் வேகமாகக் குதித்தது.

"ஏய், டீச்சர் உள்ளுக்குள்ள சிரிக்காங்கடி!" என்று ஒருத்தி கூவினாள்.

வருகைப் பதிவேட்டால் வயிற்றை மறைத்துப் பார்த்தார். முடியவில்லை. வாய்விட்டே சிரித்துவிட்டார்.

"உதரவிதானம், எழுதிக்கோங்க" என்றார், கண்ணைத் துடைத்தபடி.

மறுநாள் ஒருத்தியும் அவருக்குப் பயப்படவில்லை. மணி அடிப்பதற்குப் பத்து நிமிஷம் முன்பே வகுப்பு நிறைந்திருந்தது.