லைன்ல இரு

"அந்த நம்பரை அவ போனுக்கே மாத்திக் குடுத்துடு வேணு. இவரு பண்ற அழிச்சாட்டியம் தாங்கல" என்று சொல்லிக்கொண்டே ஆதிலட்சுமி கடைக்குள் நுழைந்தாள்.

பின்னால் அவள் கணவர் தருமன் வேண்டாவெறுப்பாக வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வந்த வேகத்தில் திரும்பிவிடும் எண்ணம்.

செங்கம் ரோட்டில் செல்போன் கடை வைத்திருக்கும் வேணுவுக்கு இருவரும் புதியவர்கள் இல்லை. அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதை ஓரமாக இளநீர் விற்பவர்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரே மகள் தமிழ்செல்விக்கு மாப்பிள்ளை தேட வேண்டும் என்று தருமன் இதே ஸ்டூலில்தான் வந்து உட்கார்ந்தார். வரன் பார்க்கும் ஆப் ஒன்றை அவர் போனில் ஏற்றி, மகளின் நம்பரைப் போட்டு, போட்டோ சேர்த்துக் கொடுத்தவன் வேணு. மாப்பிள்ளைதான் அமையவில்லை. நர்ஸ் வேலைக்கு ஜெர்மனி போன தமிழ்செல்வி, கூட வேலை பார்த்த கேரளாப் பையனை அங்கேயே கட்டிக்கொண்டாள். அன்றைக்கு மகளோடு பேச்சை நிறுத்தியவர் தருமன். சொந்தபந்தமெல்லாம் சொல்லிப் பார்த்தும் மனுஷன் அசையவில்லை.

"இன்னாக்கா பிரச்சனை?" என்றான் வேணு.

"அவ பழைய சிம்மு இவர் போன்லதானே கெடக்குது? பேங்க்ல அவ எது செஞ்சாலும் ஓடிபி இங்க வருது. இவரு மொட்டை மாடிக்குப் போயி, கோர்ட்டுல தீர்ப்பு படிக்கிறாப்பல அந்த நம்பரைப் படிச்சிட்டு வெச்சிடறாரு. பெத்த பொண்ணாச்சே, சாப்பிட்டியான்னு ஒரு வார்த்தை உண்டா? ஊஹூம்."

"எதுக்குக் கேக்கணும்? நம்பர் கேக்கறா, சொல்றேன். அதோட சரி" என்றார் தருமன், சுவரில் தொங்கிய போன் கவர்களைப் பார்த்துக்கொண்டே.

"போன பௌர்ணமிக்கு அவ்ளோ கூட்டம். டவரே வேலை செய்யல. வீட்டு வைஃபைல பேச்சு கேக்குது, மெசேஜ் மட்டும் வரல. அது வர்ற வரைக்கும் அந்தப் பொண்ணு லைன்லயே காத்துக் கெடக்குது. இவரு வாயே தெறக்காம உக்காந்திருக்காரு. கொஞ்சம் குடுங்க, நான் பேசறேன்னா, 'ஓடிபி வர்ற நேரம், தொடாத'ன்றாரு. அவளைக் கேட்டா, 'பரவால்லம்மா, விடு'ன்றா. எத்தினி நாளைக்கு விடறது?"

வேணுவுக்கு வியாபாரம் வந்த சந்தோஷம். "இது ரொம்ப ஈஸிக்கா. இ-சிம்மா மாத்தி ரோமிங் போட்டுட்டா, இந்த நம்பர் ஜெர்மனில அவங்க போன்லயே வேலை செய்யும். மெசேஜ் நேரா அங்க போயிடும். நம்பர் கட் ஆவாம இருக்க, நீங்க இங்கிருந்து ரீசார்ஜ் மட்டும் போட்டுட்டே இருந்தா போதும்."

"அதெல்லாம் வேணாம். வீண் செலவு" என்றார் தருமன் அவசரமாக.

"செலவு என்னுது."

"சிம்மு என் பேர்ல இருக்குது. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"பாத்தியா வேணு? அவ ஒவ்வொண்ணுக்கும் இவர்கிட்ட வந்து நிக்கணும். அதான் இவருக்கு வேணும்!"

ஆதிலட்சுமி அவருடைய சட்டைப்பையிலிருந்து போனை உருவி மேஜைமேல் வைத்தாள். தருமனின் முகம் செத்துவிட்டது. ஒரு நிமிஷம் போனையே பார்த்தவர், எழுந்து எதிர் டீக்கடைக்குப் போய்விட்டார்.

"தமிழுக்குப் போன் போட்டு வேண்டியதைக் கேட்டுக்கோ. நான் போயி இந்தாளைக் கையெழுத்துக்கு இழுத்துட்டு வரேன்" என்று தன் போனையும் வைத்துவிட்டு ஆதிலட்சுமி கிளம்பினாள்.

வேணுவுக்குத் தருமன்மேல் ஆத்திரமாகவே வந்தது. பெற்ற மகளிடம் இவ்வளவு வீம்பா? எந்த பேங்க் என்று பார்ப்பதற்காக அவர் போனில் மெசேஜ்களைத் திறந்தான்.

பேங்க் மெசேஜ் ஒன்றைக்கூடக் காணோம். வந்திருந்த ஓடிபி எல்லாமே அவன் ஏற்றிக் கொடுத்த அந்த வரன் பார்க்கும் ஆப்பிலிருந்து, உள்ளே நுழைவதற்காக வந்தவை. போன பௌர்ணமியன்று தாமதமாக வந்ததும் அதுதான்.

கல்யாணம் ஆன பெண்ணுக்கு அந்த ஆப்பில் என்ன வேலை? போன இடத்தில் வாழ்க்கை சரியில்லையோ? நமக்கேன் வம்பு என்று நினைத்தாலும், கை ஆதிலட்சுமியின் போனிலிருந்து தமிழ்செல்வியை அழைத்துவிட்டது.

"செல்போன் கடை வேணு பேசறேம்மா. இந்த நம்பரை உங்க போனுக்கு மாத்தணும்னு அம்மா வந்திருக்காங்க. மெயில் ஐடி சொன்னீங்கன்னா..."

"ஐயோ, மாத்திடாதீங்கண்ணா! அது அப்பாகிட்டயே இருக்கட்டும்."

"பேங்க் ஓடிபிக்கு நீங்க ரொம்பக் கஷ்டப்படறதா..."

"பேங்க்ல இங்கத்த நம்பர் குடுத்து ரொம்ப நாளாச்சுண்ணா. அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

வேணு வாசலைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "அப்ப இந்த வரன் பாக்கற ஆப்பு ஓடிபியெல்லாம் அப்பாகிட்ட எதுக்கும்மா கேக்கறீங்க?"

"ஓ, அந்த ஆப்புலேர்ந்துதான் வரவெக்கறாரா!" தமிழ்செல்வி சிரித்தாள். பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தமும் கேட்டது. "நான் எந்த ஓடிபியும் கேக்கறதில்லண்ணா. அப்பாவேதான் கூப்பிடறாரு, 'உன் ஓடிபி வந்துட்டே இருக்குது, லைன்ல இரு'ன்றாரு. நானும் எழுதிக்கறாப்பல, 'இன்னொரு தடவை சொல்லுங்கப்பா'ன்னு கேட்டுட்டிருக்கேன்."