மாஜி பிரதமரின் மனு நேரம்

"பேரு முத்துக்குமரன். வயசு இருபத்தி நாலு. சொந்த ஊரு பண்ணைப்புரம். இப்ப எர்ணாகுளத்துல ஓட்டல் வேலை பாக்குறேங்கய்யா…"

வரிசையில் நின்றபடி முத்துக்குமரன் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தான். மனுவிலும் அதுதான் முதல் வரி. பஸ்ஸில் வரும்போதே போனிடம் பேசிப் பேசி எழுத வைத்து, கம்பத்தில் இறங்கியதும் பிரிண்ட் எடுத்திருந்தான்.

சுருளிச் சாலையில், திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே இருந்தது அந்தப் பங்களா. உள்ளே மலைச்சாமி ஐயா. ஒரு கூட்டணி ஆட்சியில் கொஞ்ச காலம் பிரதமராக இருந்து, ஆட்சி கவிழ்ந்ததும் ஊருக்கே திரும்பிவிட்டவர். மற்ற மாஜிகள் சுயசரிதை எழுதுகிறார்கள், வெளிநாட்டில் போய்ச் சொற்பொழிவு ஆற்றுகிறார்கள். இவர் மட்டும் தினமும் காலையில் ஜனங்களின் குறை கேட்கிறார் என்று பள்ளத்தாக்கு முழுக்கப் பேச்சு.

"ஏலே தம்பி, இங்கன நெழலுக்கு வா. வெயிலு மண்டையப் பொளக்குது" என்றாள் முன்னால் நின்ற பஞ்சம்மாள். சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை, கையில் தூக்குவாளி.

"ஒங்களுக்கு என்ன கொறை, அக்கா?"

"எனக்கா? நேத்து தண்ணித் தொட்டி. இன்னிக்குப் பாலம். நாளைக்குச் சுடுகாட்டுப் பாதை."

பாவம், ஒரு ஊர்க் குறை முழுவதையும் ஒற்றைப் பொம்பளை சுமக்கிறாளே என்று அவனுக்குத் தோன்றியது.

"ஒனக்கென்னப்பா?"

"என் தம்பி ஈஸ்வரபாண்டிதான், அக்கா. கம்ப்யூட்டர் வேலைன்னு ஒரு ஏஜெண்டு வெளிநாட்டுக்கு அனுப்பி வச்சான். அங்கன பாஸ்போர்ட்டப் புடுங்கிக்கிட்டு அடைச்சுப் போட்டு அடிக்கிறாய்ங்க. ஞாயித்துக்கெழமை வேற எடத்துக்குக் கொண்டுபோறாய்ங்களாம். அப்புறம் போன்கூடப் பேச முடியாதாம்."

பஞ்சம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "யாத்தே! நல்லாச் சொல்றியே. கேக்குற எனக்கே கண்ணு கலங்குது."

ஊரில் இன்னொரு வழியும் காத்திருந்தது. கூடலூர்ப் பையன் ஒருவனை இதே போன்ற இடத்திலிருந்து மீட்டுக் கொண்டுவந்த புரோக்கர், அவர்கள் வீட்டில் வந்து உட்கார்ந்திருந்தார். இருக்கிற ஒரே தோட்டத்தின் பத்திரத்தைக் கொடுத்தால் இன்றைக்கே வேலையைத் தொடங்குவார். "நான் ஐயாவப் பாத்துட்டுச் சொல்றேன், அதுவரைக்கும் அவரப் போக விட்றாத ஆத்தா" என்று போனில் கெஞ்சியிருந்தான்.

அவன் முறை வந்தது. ஐயாவின் மகள் மகாலட்சுமி மனுவை வாங்கி அப்பாவிடம் கொடுத்தாள். சாய்வு நாற்காலியில் வெள்ளைச் சட்டைக்குள் பாதி ஆளாக ஒடுங்கிக் கிடந்தார் பெரியவர்.

"சொல்லுப்பா. ரோடா?"

"இல்லங்கய்யா. என் தம்பிங்கய்யா…"

மனப்பாடம் செய்தது எல்லாம் மறந்துபோனது. தம்பி கடைசியாகப் பேசும்போது பின்னால் யாரோ அலறியதைச் சொல்லத் தொடங்கியவன், பாதியிலேயே தரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதான்.

மலைச்சாமி நாற்காலியை உதறிவிட்டு எழுந்தார். "எந்திரிப்பா! நான் இருக்கேன்ல? மகா, டெல்லிக்குப் போன் போடு. வெளியுறவு மந்திரி லைனுக்கு வரணும்."

மகள் போனை நீட்டினாள். பெரியவர் குரலில் கூரை அதிர்ந்தது.

"மலைச்சாமி பேசுறேன். நம்ம ஊருப் பய ஒருத்தன அடைச்சு வச்சு அடிக்கிறாய்ங்க. நீங்க அங்கன என்னய்யா பண்றீக? சனிக்கெழமைக்குள்ள அவன் விமானம் ஏறியிருக்கணும்!"

"உத்தரவுங்கய்யா. இப்பவே தூதரகத்துக்குச் சொல்லிர்றேங்கய்யா" என்றது மறுமுனை, எல்லாருக்கும் கேட்கும்படி.

முத்துக்குமரன் அவர் காலில் விழுந்தான்.

வெளியே ஓடிவந்து, வேப்பமரத்தடியில் நின்று போனை வாயருகே வைத்துக்கொண்டான். "ஆத்தா, ஜெயிச்சிட்டோம்! மந்திரியே லைன்ல வந்தாக. பத்திரத்த யார்ட்டயும் குடுத்துறாத. அந்தப் புரோக்கர் மூஞ்சிக்கு நேரா வேண்டாம்னு சொல்லி அனுப்பு."

ஆத்தாவின் பதில் உடனே வந்தது. "அனுப்பிட்டேன்யா. இனிமே கூப்புட்டாலும் வரமாட்டேன்னு மொறைச்சிட்டுப் போறாரு. போனாப் போறாரு விடு. அந்த மகராசன் நல்லா இருக்கணும்."

"தம்பி, நில்லுங்க!" மகாலட்சுமி மூச்சிரைக்க ஓடிவந்தாள். அவள் கண்களும் நனைந்திருந்தன. "பதவி போனதுல இருந்து அப்பா நாற்காலிய விட்டு எந்திரிச்சதில்ல. இன்னிக்குக் கர்ஜிச்சாகளே, பாத்தீகளா? இப்ப அவுகளே கேட்டு ரெண்டு இட்லி கூடச் சாப்பிடுறாக. எல்லாம் ஒங்களாலதான்."

"எல்லாம் ஐயா புண்ணியம்க்கா. மந்திரியே…"

"அட, அது எங்க டிரைவரு தம்பி, பின்கட்டுல இருந்து பேசுறது. அவருக்கே இன்னிக்குக் கொரலு நடுங்கிருச்சு." சிரித்துக்கொண்டே மடித்த நோட்டு ஒன்றை அவன் சட்டைப் பையில் திணித்தாள். "தெனக் கூலிக்கு மேஸ்திரி ஜீப்புல ஏத்திவிடுற ஆளுக எல்லாம் ரோடு, பாலம்னு ஒப்பிச்சிட்டுச் சோறு திங்கப் போயிர்றாக. நீங்கதான் மனசு வச்சுப் பண்றீக."

முத்துக்குமரன் ஆத்தாவுக்கு மறுபடி போன் போடப் போனான். அவள் அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கும் வந்து இதே மாதிரி அழுதுட்டுப் போங்க தம்பி."