வியாழக்கிழமைச் சரக்கு

"இதை மனுசன் திம்பானா?"

ஜெகபர் சாதிக் அட்டைப் பெட்டியைக் கல்லா மேசைமேல் டொம்மென்று வைத்தார். தே தாரிக் டீ குடித்துக்கொண்டிருந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

லோஷினிக்கு மானமே போயிற்று. நேற்று சாயங்காலம்தான், கூலாய் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அவருடைய இந்தச் சாப்பாட்டுக் கடைக்கு, நெத்திலியும் வேர்க்கடலையும் சேர்த்து வறுத்த நெத்திலிக் கச்சானை அறுபது பாக்கெட் பெருமையாகக் கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். அவளும் காளிதாஸும் ஆப்ரினும் காலேஜில் படித்துக்கொண்டே தொடங்கிய 'மொறுமொறு' கம்பெனிக்கு இதுதான் முதல் பெரிய ஆர்டர். நன்றாக ஓடினால் கடை வாசலில் நிரந்தரமாக ஒரு ஷெல்ஃப் தருகிறேன் என்றிருந்தார். விடிந்தும் விடியாமலும் போன் வந்துவிட்டது, மூணு பேரும் உடனே வாங்க என்று.

"ஒரு லாரி டிரைவர் வாங்கிப் பிரிச்சான். ஒரு வாய் போட்டுட்டு மூணு கிளாஸ் தண்ணி குடிச்சான்! என்ன, கடல் தண்ணியில ஊறவச்சீங்களா?"

லோஷினி ஒரு கச்சானை எடுத்து வாயில் போட்டாள். நாக்கு சுருண்டது.

"சாரி அங்கிள்."

"சாரி கிடக்குது. நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. செஞ்சது மூணு பேரு. ஒருத்தர்கூடவா வாயில வச்சுப் பாக்கல?"

லோஷினி காளிதாஸை முறைத்தாள். "நீ உப்பு பாத்தியாடா?"

"ஆப்ரின் பாத்திருப்பான்னு நெனச்சேன்."

"நானா?" ஆப்ரின் எகிறினாள். "எப்பவும் நீதானே கை நிறைய அள்ளித் திம்ப! நேத்து மட்டும் என்ன கேடு?"

"நான்தான் உப்பு போட்டேனே, நீ எதுக்கு அதுமேல இன்னொரு பிடி போட்ட?"

"நீ போட்டது எனக்கு எப்படித் தெரியும்?"

கம்பெனி தொடங்கி மூணு மாசம்தான் ஆகிறது. இந்த மேசை முன்னாலேயே அதற்கு மூடுவிழா நடந்துவிடும் போலிருந்தது.

லோஷினிக்கு அவர்கள் மேல் மட்டும் கோபம் இல்லை. அவளும்தான் ருசி பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்பது அவளுக்கும் சாமிக்கும் மட்டும்தான் தெரியும். வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது என்று அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தாள். சரி, இனிமேல் பலிக்க என்ன மிச்சம் இருக்கிறது?

"அங்கிள், தப்பு என் மேலதான். நேத்து நான் விரதம். ஒம்பது வியாழக்கிழமை இருக்கறேன்னு குரு பகவானுக்கு வேண்டிக்கிட்டேன். உங்க ஆர்டர் நல்லபடியா போகணும்னுதான். பல்லுல பச்சத் தண்ணி படல."

காளிதாஸ் வாயைப் பிளந்தான். "அடிப்பாவி! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ ருசி பாத்திருப்பியா?"

அவன் தலையைச் சொறிந்தான். "முடியாது. இந்த ஆர்டர் ஓகே ஆகற வரைக்கும் நெத்திலிய வாயில வைக்க மாட்டேன்னு முருகன்கிட்ட சொல்லிட்டேன்."

"அலமாக்!" ஆப்ரின் நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள்.

"உனக்கு என்ன?"

"நேத்து நான் நோன்பு லா. நானும் இதுக்குத்தான் அல்லாகிட்ட துஆ கேட்டேன்."

தே தாரிக் குடித்தவர்களில் ஒருத்தருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

ஜெகபர் சாதிக் சிரிக்கவில்லை. கத்தவும் இல்லை. மூணு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பெட்டியைத் தூக்கி மேசைக்கு அடியில் வைத்தார்.

"மறுபடி செஞ்சு கொண்டாங்க. நல்லா இருந்தா ஷெல்ஃப் உங்களுக்குத்தான்."

"எப்ப கொண்டு வரட்டும் அங்கிள்?"

"எப்ப வேணா. வியாழக்கிழமை மட்டும் வேணாம்."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார்.

லோஷினிக்கு நம்பவே முடியவில்லை. அரிசியில் ஒரு கல் கிடந்தாலும் மூட்டையோடு திருப்பி அனுப்புகிற மனுஷர் இவர். அவருடைய மனைவி ஆரிஃபா டீ, காப்பி கலக்கும் இடத்தில் நின்றுகொண்டு தனக்குள்ளே சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஆன்ட்டி, அங்கிள் இவ்வளவு சீக்கிரம் விட்டுட்டாரு?"

ஆரிஃபா முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டார். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"வேற என்னம்மா செய்வாரு? சரக்கு வந்தா ஒண்ணைப் பிரிச்சுத் தின்னு பாக்க வேண்டியது அவரு வேலை. நேத்து எங்க பாத்தாரு? 'புள்ளைங்களோட மொத சரக்கு வருது, நல்லா ஓடணும்'னு விடியக்காலையில என்னை எழுப்பி, சஹர் சாப்பாடு ஆக்கச் சொல்லி, நோன்பு வச்ச மனுசனாச்சே!"